களப்பின் தொட்டிலாம் கண்டற்காடு

சேறும் நுளம்பும் நிறைந்த பாழ்நிலம் என்றே கண்டற்காட்டை நம்மிற் பலர் எண்ணி வந்துள்ளோம். ஆயின், நம் உணவுக்கலத்தை நிறைப்பதில் அதன் பங்கு சிறிதன்று. சேற்றில் ஊன்றி நிற்கும் அதன் வேர்களின் இடுக்கிலேயே இறாற்குஞ்சும் நண்டுக்குஞ்சும் மீன்குஞ்சும் பெருமீன்களுக்கு இரையாகாது வளர்கின்றன. கண்டல் மரங்களுட் சில, தம் விதையை மரத்திலேயே முளைக்கச் செய்து, பின்னரே நீரில் விடுகின்றன. பிள்ளையை நடக்கப் பழக்கி அனுப்பும் தாயின் செயலை இஃது ஒக்கும்.

1980களில் புத்தளம் பகுதியில் இறாற்பண்ணைகள் பெருகின. வளர்ப்புக் குளங்கள் வெட்டுவதற்காகப் பலவிடங்களிற் கண்டல்கள் வீழ்த்தப்பட்டன. அந்நியச் செலாவணி வந்தது மெய்யே. எனினும், 1996இல் வெண்புள்ளி நோய் பரவி, இறால்கள் கூட்டங்கூட்டமாக மடிந்தன. குளங்கள் பல கைவிடப்பட்டன. காடும் போயிற்று, பண்ணையும் போயிற்று. களப்பை நம்பி வாழும் மீனவர் குடும்பங்களுக்கு அங்கெல்லாம் எஞ்சியது உப்பேறிய வெறுநிலமே.

வெட்டிய இடத்திற் கன்றை ஊன்றினாற் போதும் என்பாரும் உளர். கடல்நீர் ஏறி இறங்கும் வழி அடைபட்டிருப்பின், ஊன்றிய கன்று பிழைத்தல் அரிது. 2024இல் இலங்கையின் கண்டல் மீளாக்க முயற்சியை ஐக்கிய நாடுகள் சபை முன்மாதிரியாகத் தெரிந்து பாராட்டியது. மகிழ்ச்சிக்குரியதே. ஆயினும், நிற்கும் காட்டைக் காப்பதே எளிது. இறாற்கறியைச் சுவைத்துண்ணும் நாம் இதனை நினைவிற் கொள்வோமாக.