சிறைக்குள் சட்டம் – 9: அணுப் புத்தகம்

திகார் சிறையிலிருந்து சுனில் பத்ரா எழுதிய கடிதம், நீதிபதி கிருஷ்ணய்யர் கையில் ஆட்கொணர்வு மனுவான கதை போன வாரத்தோடு முடிந்தது. இந்த வாரம் சார்லஸ் சோப்ராஜின் கால் விலங்கு என்று அறிவிப்பு. அதற்குள் ஒரு மராத்திப் புத்தகம் குறுக்கே வந்துவிட்டது.

பிரபாகர் பாண்டுரங் சஞ்ஜகிரி, இந்தியப் பாதுகாப்பு விதிகளின் கீழ் விசாரணையின்றி பம்பாய் மாவட்டச் சிறையில் அடைக்கப்பட்டவர். உள்ளே இருந்தபடி, அரசின் அனுமதியோடுதான், ஒரு புத்தகம் எழுதினார். விஷயம் அரசியல் அல்ல. அணுவுக்குள் என்ன இருக்கிறது என்பது. முடித்ததும் அச்சுக்குக் கொடுக்க மனைவிக்கு அனுப்ப வேண்டும் என்றார். மகாராஷ்டிர அரசு மறுத்தது.

சொன்ன காரணம்தான் ருசியானது. காவல் நிபந்தனைகள் பற்றிய 1951ஆம் ஆண்டு ஆணையில் கைதிக்கு என்னென்ன சலுகை என்று எழுதியிருக்கிறதாம். புத்தகம் வெளியிடுவது அதில் இல்லையாம். எழுதலாம், ஆனால் எழுதியது வாசலைத் தாண்டக் கூடாது! பம்பாய் உயர் நீதிமன்றம் சஞ்ஜகிரி பக்கம் நின்றது. அரசு விடாமல் டெல்லிக்குப் போனது.

உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி சுப்பா ராவ் அதே ஆணையைத் தலைகீழாகப் படித்தார். அது சலுகைப் பட்டியல் அல்ல, கட்டுப்பாடுகளின் பட்டியல். அதில் தடுக்கப்படாதது கைதியிடமே இருக்கிறது. நெருக்கடி நிலையில் அடிப்படை உரிமை கேட்டு நீதிமன்றம் போகும் வழியே அடைபட்டிருந்த காலம். சட்டத்தில் இல்லாத தடையை அதிகாரி போட்டால் அந்த அடைப்பு அவருக்குக் கைகொடுக்காது என்றார்.

தீர்ப்பின் தேதி 1965 செப்டம்பர் 6. இந்திய ராணுவம் லாகூர் திசையில் எல்லை தாண்டிய அதே நாள்! நாட்டுப் பாதுகாப்பின் பேரில் அடைத்துவைத்த ஒருவரின் அணுப் புத்தகம் வெளியே போகலாம் என்று, போர் நடக்கும்போதே ஒரு நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆபத்துக் காலத்தில் உரிமை எதற்கு என்பவர்களிடம் இந்தத் தேதியைச் சொன்னால் போதும்.

தமிழ்நாட்டிலும் இதற்கு ஒரு கிளைக்கதை உண்டு. தூக்குத் தண்டனைக் கைதி ஆட்டோ சங்கர் சிறையில் எழுதியதாகச் சொல்லப்பட்ட சுயசரிதையை வெளியிட 'நக்கீரன்' முனைந்தது. கூடாது என்று சிறைத் துறைத் தலைவர் கடிதம் போட்டார். அதிகாரிகளுக்கு அவதூறு வரும் என்று அஞ்சி முன்கூட்டியே தடைபோட அரசுக்கு அதிகாரமில்லை என்றது உச்ச நீதிமன்றம், 1994இல். பொது ஆவணங்களில் இருப்பதைச் சங்கரின் சம்மதம் இல்லாமலே அச்சிடலாம். அதைத் தாண்டினால் அவருடைய அந்தரங்க உரிமை குறுக்கே நிற்கும் என்றும் சேர்த்துச் சொன்னது. தூக்குக் கைதிக்கும் அந்தரங்கம் உண்டு என்ற இந்த இரண்டாம் பாதியைப் பலரும் மறந்துவிடுகிறார்கள்.

சோப்ராஜுக்கு இடமில்லாமல் போயிற்று. 1894ஆம் ஆண்டு சிறைச் சட்டத்தின் 56ஆம் பிரிவும் அவருடைய விலங்கும் அடுத்த வாரம், கட்டாயம்.