தோமான் ஏன் தூண்டிலைத் தாக்குகிறது?

வானத்தில் மேகமே இல்லை. ஆனால் ஏரியின் ஓர் இடத்தில் மட்டும், ஒரு பாய் விரிக்கும் அளவுக்கு, தூறல் விழுவதுபோல் நீர் பொட்டுப் பொட்டாகத் துள்ளுகிறது. சில நொடிகளில் அடங்கிவிடுகிறது. கொஞ்ச நேரம் கழித்து, இரண்டு மூன்று மீட்டர் தள்ளி மறுபடியும் அதே தூறல். ஜொகூரின் ஏரிக்கரைகளில் தூண்டில் போடுபவர்களிடம் கேட்டால், “தோமான் குஞ்சு மேலே வருது” என்பார்கள். சொல்லும்போதே அவர்கள் கை தூண்டில் கோலை எடுத்துவிடும்.

குஞ்சுகளைக் கண்டதும் தூண்டில் எதற்கு? மாணவர்களே, இதற்கு விடை தேடினால் உயிரியலும் இயற்பியலும் ஒன்றாக வந்து நிற்கும். கூடவே, நீங்களே முடிவு செய்ய வேண்டிய ஒரு கேள்வியும் வரும்.

விராலின் பெரியண்ணன்

விரால் மீன் உங்களுக்குத் தெரியும். மலாய்மொழியில் அதன் பெயர் ஆருவான். அறுவை சிகிச்சைக்குப் பின்னும் பிள்ளை பெற்ற தாய்மாருக்கும் நம் வீடுகளில் சமைத்துக் கொடுக்கும் அதே மீன்தான். தோமான் அதே குடும்பத்தின் பெரிய உறுப்பினர். அறிவியல் பெயர் சன்னா மைக்ரோபெல்டிஸ். தென்கிழக்காசியாவே இதன் தாயகம். நன்கு வளர்ந்தால் 1 மீட்டர் நீளத்தையும் தாண்டும்.

குளுவாங், யொங் பெங், சிம்பாங் ரெங்கம் வட்டாரங்களில் உள்ள செம்புரோங், பெக்கோக், மாச்சாப் போன்ற நீர்த்தேக்கங்கள், செம்பனைத் தோட்டத்துக் கால்வாய்கள், சதுப்பு நிலங்கள் போன்ற அசைவு குறைந்த நீர்நிலைகள் விரால் குடும்பத்துக்கு ஏற்றவை. வெயில் காய்ச்சும் இத்தகைய நீரில் மற்ற மீன்கள் திணறும்போதும் இக்குடும்பம் தாக்குப் பிடிக்கும். காரணம், இவற்றால் காற்றைச் சுவாசிக்க முடியும்.

மூச்சு வாங்க மேலே வரும் மீன்

30 பாகை செல்சியஸ் வெப்பமுள்ள 1 லிட்டர் நன்னீரில் அதிகபட்சமாகச் சுமார் 7.5 மில்லிகிராம் உயிர்வளிதான் கரைந்திருக்கும். இலைதழைகள் மக்கும் குட்டையில் இன்னும் குறைவு. அதே வெப்பத்தில் 1 லிட்டர் காற்றில் இருப்பதோ சுமார் 270 மில்லிகிராம். ஏறக்குறைய 35 மடங்கு!

தோமானின் செவுள்களுக்கு மேலே, தலைக்குள், இரத்த நாளங்கள் நிறைந்த ஓர் அறை இருக்கிறது. மேலே வந்து ஒரு வாய்க் காற்றை விழுங்கி, அந்த அறையில் நிறுத்தி, உயிர்வளியை எடுத்துக்கொள்ளும். வளர்ந்த தோமானுக்கு இது விருப்பத் தேர்வு அல்ல, கட்டாயம். மேலே வரவிடாமல் வலைக்கு அடியில் தடுத்து வைத்தால், நீருக்குள்ளேயே மூச்சுமுட்டி இறந்துவிடும்.

குஞ்சு பொரித்த புதிதில் இந்த அறை வளர்ந்திருக்காது. அது வளரத் தொடங்கியதும் குஞ்சுகளும் மேலே வந்தாக வேண்டும். நூற்றுக்கணக்கான குஞ்சுகள் ஒரே நேரத்தில் மேலே வருவதுதான் நீங்கள் கண்ட அந்தத் ‘தூறல்’.

வசந்தம் இல்லாத ஊரில்

வட அமெரிக்க ஏரிகளில் கிராப்பி என்றொரு மீன் உண்டு. குளிர்காலம் முழுவதும் ஆழத்தில் ஒதுங்கியிருக்கும். வசந்தத்தின் தொடக்கத்தில் கரையோர நீர் சூடேறி 16 முதல் 20 பாகை செல்சியஸை எட்டும்போது, ஆழம் குறைந்த இடத்துக்கு வந்து முட்டையிடும். ஆண் மீன் கூடமைத்துக் காவல் இருக்கும். அங்குள்ள தூண்டில்காரர்கள் வெப்பமானியும் கையுமாக அந்த நாள்களுக்காகக் காத்திருப்பார்கள்.

ஜொகூர் நிலநடுக்கோட்டுக்கு ஏறக்குறைய 2 பாகை வடக்கே இருக்கிறது. நமக்குக் குளிர்காலமும் இல்லை, வசந்தமும் இல்லை. விரால் குடும்ப மீன்கள் ஆண்டின் பல மாதங்களில் முட்டையிடக்கூடியவை. ஆனாலும் மழை கொட்டி, நீர்மட்டம் ஏறி, கரையோரப் புல் மூழ்கும் காலம் அவற்றுக்கு மிகவும் ஏற்றது. அங்கே மீனுக்கு நாள் குறிப்பது வெயில். இங்கே அந்த வேலையைச் செய்வது மழை.

தோமான் இணை, நீர்ச்செடிகளுக்கு நடுவே ஓர் இடத்தைத் துப்புரவாக்கி முட்டையிடும். எண்ணெய்த்துளி கொண்ட அந்த முட்டைகள் நீரில் மிதக்கும். குஞ்சுகள் பொரித்து, செந்நிறப் பந்துபோல் திரளாக நீந்தும். கீழே, சற்று ஆழத்தில், தாயும் தந்தையும் வாரக்கணக்கில் காவலுக்குத் திரியும்.

பசியா, பாதுகாப்பா?

இப்போது தூண்டிலுக்கு வருவோம். குஞ்சுப் பந்து எந்தத் திசையில் நகர்கிறது என்று அனுபவசாலி முதலில் கணிப்பார். பந்துக்கு அப்பால் ‘ஜம்ப் ஃபிராக்’ எனப்படும் போலித் தவளையை வீசி, குஞ்சுகளுக்கு நடுவே இழுத்து வருவார். நீர் வெடித்ததுபோல் ஒரு தாக்குதல் நடக்கும்.

அந்த மீன் பசியால் கடிக்கவில்லை. குஞ்சுகளை விழுங்க வந்த எதிரி என்று நினைத்துத்தான் தாக்குகிறது. இரை தேடும் மீன் சந்தேகப்பட்டு ஒதுங்கலாம், காவல் காக்கும் மீனால் அப்படி ஒதுங்க முடியாது. அது எளிதில் மாட்டுவதற்கு இதுவே காரணம்.

பெற்றோர் கரையேறிய பிறகு குஞ்சுகள் என்னவாகும்? செபாராவும் பெலிடாவும் மீன்கொத்தியும் சும்மா இருக்குமா? வட அமெரிக்காவின் பாஸ் மீன்களில் இதை ஆய்வாளர்கள் நேரடியாகக் கவனித்திருக்கிறார்கள். காவல் இருந்த ஆண் மீனைத் தூண்டிலில் தூக்கிய சில நிமிடங்களிலேயே சிறு மீன்கள் கூட்டுக்குள் புகுந்து முட்டைகளைத் தின்றன. திரும்ப விடப்பட்ட ஆண் மீன்களில் சில, களைப்பால் கூட்டையே கைவிட்டன. கனடாவின் ஒண்டாரியோ மாநிலத்தில் பல ஏரிகளில் ஜூன் பிற்பகுதி வரை பாஸ் பிடிக்கத் தடை இருப்பது இதனால்தான்.

தோமானைப் பொறுத்தவரை இன்னொரு மயக்கமும் உண்டு. கரையில் கிடத்தினாலும் அது உடனே சாகாது. ஆகவே, “படம் எடுத்துவிட்டு மெதுவாக விடலாம்” என்று தோன்றும். மீன் பிழைத்துக்கொள்ளும்தான். ஆனால் அது கரையில் இருக்கும் ஒவ்வொரு நிமிடமும் குஞ்சுகளுக்குக் காவல் குறைகிறது.

தனி மூச்சைத் தேடுங்கள்

அப்படியானால் தோமானே பிடிக்கக்கூடாதா? பிடிக்கலாம். குஞ்சு இல்லாத தோமானும் மூச்சு வாங்க மேலே வந்தே ஆக வேண்டும். அது தன் இருப்பிடத்தைத் தானே காட்டிக்கொடுக்கும் நேரம் அதுதான்.

• ‘களக்’ என்ற ஒற்றை ஒலியையும் விரியும் ஒற்றை வளையத்தையும் தேடுங்கள். சுற்றிலும் ‘தூறல்’ இருந்தால் அந்த இடத்தை விட்டுவிடுங்கள்.

• மீனின் தலை எந்தப் பக்கம் போனது என்று பார்த்து, அதற்குச் சில மீட்டர் முன்னால் இரையை வீசுங்கள். வளையத்தின் நடுவே வீசினால், மீன் அதற்குள் நகர்ந்திருக்கும்.

• துருவக் கண்ணாடி அணியுங்கள். நீர்ப்பரப்பில் பட்டுத் தெறிக்கும் ஒளி பெரும்பாலும் கிடைமட்டமாக அதிரும். துருவக் கண்ணாடி அந்த அதிர்வைத் தடுப்பதால், கூச்சம் குறைந்து நீருக்குள் தெரியும்.

• அதிர நடக்காதீர்கள். மீனின் உடலின் இருபுறமும் ஓடும் பக்கக் கோடு என்ற உணர்வுறுப்பு, நீரின் சிறு அதிர்வையும் அறிந்துவிடும்.

• தூண்டில் முள்ளின் எதிர்முள்ளை இடுக்கியால் நசுக்கிவிடுங்கள். முள் எளிதில் கழலும். மீனைத் தொடுமுன் கையை நனையுங்கள், அதன் மேல் உள்ள வழவழப்புப் படலம் கிருமிகளைத் தடுக்கும் கவசம்.

• இடி கேட்டால் உடனே கோலைக் கீழே வைத்துவிட்டுப் பாதுகாப்பான கட்டடத்துக்குள் செல்லுங்கள். இக்காலத் தூண்டில் கோல்கள் பலவற்றில் உள்ள கரியிழை மின்சாரத்தைக் கடத்தும்.

நீர்த்தேக்கங்களில் பல குடிநீருக்கானவை. அனுமதி உண்டா என்று கேட்டறிந்த பின்னரே, பெரியவர் துணையோடு செல்லுங்கள்.

நீங்களே கவனியுங்கள்

தூண்டில் இல்லாமலும் இந்த அறிவியலைச் செய்து பார்க்கலாம். பெரியவர் ஒருவரோடு கரையில் அமர்ந்து ஒரு குஞ்சுக் கூட்டத்தைத் தேர்ந்தெடுங்கள். அது மேலே வரும் ஒவ்வொரு முறையும் கைக்கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைக் குறியுங்கள். பத்து முறை குறித்தபின் சராசரி இடைவெளியைக் கணக்கிடுங்கள். காலையில் ஒரு முறையும், நீர் சூடேறிய நண்பகலில் ஒரு முறையும் செய்து ஒப்பிடுங்கள். இடைவெளி மாறினால், ஏன் மாறியது? நீரின் வெப்பம், கரைந்த உயிர்வளி, மீனின் உடல் இயக்கம் ஆகிய மூன்றையும் சேர்த்து யோசித்து, உங்கள் கருதுகோளை எழுதி அறிவியல் ஆசிரியரிடம் காட்டுங்கள்.

அப்படி எண்ணிக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் யாராவது அந்தக் குஞ்சுக் கூட்டத்துக்குள் வீசத் தயாரானால், கீழே காவலுக்கு நிற்பது யார் என்று அவருக்கும் சொல்லுங்கள்.