ஜெல்லி ஸ்க்ரோலிங்

ஜெல்லி ஸ்க்ரோலிங் என்பது டேப்லெட், செல்பேசி போன்ற கருவிகளில் ஒரு பக்கத்தை மேலும் கீழும் நகர்த்தும்போது எழுத்து வரிகள் சாய்வது போலத் தோன்றும் காட்சிக் குறையாகும். திரையின் ஒரு பாதி முன்னே செல்ல, மறு பாதி சற்றுப் பின்தங்கி வருவது போல் தெரியும். நகர்வு நின்றதும் வரிகள் மீண்டும் நேராகிவிடும். தட்டில் வைத்த ஜெல்லி அசையும்போது குழைவதை ஒத்திருப்பதால் இப்பெயர் ஏற்பட்டது. 2021-ஆம் ஆண்டில் ஆப்பிள் நிறுவனத்தின் ஆறாம் தலைமுறை ஐபேட் மினி விற்பனைக்கு வந்தபோது இது பலருக்கும் தெரிய வந்தது. புதிய கருவி பழுதானதா, அல்லது அதன் இயல்பே அதுதானா என்ற ஐயம் வாங்குவோருக்கு எழுவதால், இதன் காரணத்தை அறிவது பயனுள்ளது.

திரை படத்தை வரையும் முறை

60 ஹெர்ட்ஸ் திரை ஒரு நொடிக்கு 60 முறை தன் படத்தைப் புதுப்பிக்கிறது. ஒவ்வொரு முறையும் முழுப் படமும் ஒரே நேரத்தில் மாறுவதில்லை. திரையின் ஒரு விளிம்பில் தொடங்கி, புள்ளி வரிசைகள் ஒன்றன்பின் ஒன்றாக மாறி, எதிர் விளிம்பில் முடிகின்றன. முதல் வரிசைக்கும் கடைசி வரிசைக்கும் இடையே ஏறக்குறைய 16.7 மில்லி நொடி வரை கழிகிறது. எல்.சி.டி., ஓ.எல்.இ.டி. ஆகிய இரு வகைத் திரைகளுக்கும் இது பொருந்தும்.

அசையாத படத்தில் இந்தக் கால இடைவெளி எந்த வேறுபாட்டையும் காட்டாது. பக்கம் நகரும்போது மட்டும், முதலில் மாறிய வரிசைகள் புதிய இடத்தையும், இன்னும் மாறாத வரிசைகள் பழைய இடத்தையும் காட்டிக்கொண்டிருக்கும்.

திசையின் பங்கு

வரிசைகள் மேலிருந்து கீழாக மாறும் திரையில், பக்கத்தையும் மேலும் கீழுமாக நகர்த்தினால் இரண்டும் ஒரே அச்சில் அமைகின்றன. அப்போது வரிகளுக்கு இடையேயான தொலைவு மிகச் சிறிதளவு கூடும் அல்லது குறையும். ஒவ்வொரு வரியும் நேராகவே இருப்பதால் கண்ணுக்கு அது பெரும்பாலும் புலப்படாது.

மாறாக, வரிசைகள் பக்கவாட்டில், எடுத்துக்காட்டாக இடமிருந்து வலமாக, மாறும் திரையில் ஒரே எழுத்து வரியின் இடது முனை முந்தியும் வலது முனை பிந்தியும் மாறுகின்றன. நேர்க்கோடு சாய்வதைக் கண் எளிதில் கண்டுகொள்ளும். இச்சாய்வே ஜெல்லி ஸ்க்ரோலிங்.

சாய்வின் அளவை எளிதாகக் கணக்கிடலாம். பக்கம் நொடிக்கு 10 செ.மீ. வேகத்தில் நகர்வதாகக் கொள்வோம். 16.7 மில்லி நொடியில் அது 1.67 மி.மீ. நகரும். ஆகவே வரியின் இரு முனைகளுக்கும் இடையே அதிகபட்சமாக அவ்வளவு வேறுபாடு தோன்றலாம். ஓர் அங்குலத்திற்கு 326 புள்ளிகள் கொண்ட திரையில் இது ஏறத்தாழ 21 புள்ளிகள். 120 ஹெர்ட்ஸ் திரையில் காலமும் சாய்வும் பாதியாகக் குறைகின்றன.

ஐபேட் மினி

ஆறாம் தலைமுறை ஐபேட் மினி 2021 செப்டம்பர் 24 அன்று விற்பனைக்கு வந்தது. 8.3 அங்குல அளவும் 2266 × 1488 புள்ளிகளும் கொண்ட அதன் எல்.சி.டி. திரை 60 ஹெர்ட்ஸில் இயங்குவது. நிமிர்த்திப் பிடித்துப் படிக்கும்போது வரிகள் சாய்வதை மதிப்புரையாளர்களும் வாங்கியவர்களும் விரைவில் கவனித்தனர். எல்.சி.டி. திரை வரிசை வரிசையாகப் புதுப்பிக்கப்படுவதால் இத்தகைய சிறு தாமதம் இயல்பானதே என்று ஆப்பிள், ஆர்ஸ் டெக்னிகா இதழுக்கு விளக்கம் அளித்தது.

கருவிகளைப் பிரித்து ஆராயும் ஐஃபிக்ஸிட் குழு, ஐபேட் மினியில் திரையைக் கட்டுப்படுத்தும் மின்சுற்றுப் பலகை பக்கவாட்டு விளிம்பில் இருப்பதைக் காட்டியது. ஐபேட் ஏரில் அது மேல் விளிம்பில் உள்ளது. எனவே ஏரை நிமிர்த்திப் பிடிக்கும்போது சாய்வு தெரிவதில்லை. கிடைமட்டமாகத் திருப்பினால் அதிலும் ஓரளவு காணலாம்.

ஆகவே இரு தரப்புக் கூற்றிலும் உண்மை உண்டு. வரிசையாகப் புதுப்பித்தல் எல்லாத் திரைகளுக்கும் பொது. பயனர் வழக்கமாகப் பிடிக்கும் நிலையில் அது கண்ணுக்குத் தெரியுமா என்பதைத் தீர்மானிப்பது கருவியின் வடிவமைப்பு.

இதற்கு முன், 2017-இல் வெளிவந்த ஒன்பிளஸ் 5 செல்பேசியிலும் இக்குறை பேசப்பட்டது. அதன் திரை தலைகீழாகப் பொருத்தப்பட்டிருந்ததால், நகர்த்தும்போது எழுத்துகள் சாயாமல், நீண்டும் சுருங்கியும் தோன்றின.

கேமராவில் இதே விளைவு

செல்பேசிக் கேமராவும் படத்தை வரிசை வரிசையாகவே பதிவு செய்கிறது. விருத்தாசலத்திலிருந்து வடலூர் வழியாகக் கடலூர் செல்லும் ரயிலில் அமர்ந்து, செல்பேசியைக் கிடைமட்டமாகப் பிடித்து, சன்னலுக்கு வெளியே அருகிலுள்ள கம்பங்களைக் காணொளி எடுத்தால் அவை சாய்ந்து தெரியும். செல்பேசியை நிமிர்த்திப் பிடித்தால் கம்பங்கள் நேராக நிற்கும். அவற்றின் தடிமன் மட்டும் சற்று மாறும். டேப்லெட்டைத் திருப்பியதும் சாய்வு மறைவதற்கும் இதுவே காரணம்.

சோதித்து அறிதல்

1. அகலமான வரிகள் அல்லது அட்டவணை உள்ள பக்கத்தைத் திறந்து, டேப்லெட்டை நிமிர்த்திப் பிடித்து, மிதமான வேகத்தில் நகர்த்தவும். ஒரே வரியின் இரு முனைகளையும் கவனிக்கவும்.
2. நகர்த்தும் திசையை மாற்றவும். சாய்வும் எதிர்ப்புறமாக மாற வேண்டும்.
3. கருவியை 90 பாகை திருப்பி மீண்டும் நகர்த்தவும். சாய்வு மறைந்தால் அது ஜெல்லி ஸ்க்ரோலிங்தான்.
4. ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் பார்க்கவும். அதில் வரிகள் நேராகவே இருக்கும். ஏனெனில் பிழை படத்தில் இல்லை, அது திரையில் தோன்றும் நேரத்தில் உள்ளது.

வேறு மூன்று குறைகளை இதனோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. பக்கம் விட்டு விட்டு நகர்ந்தால், செயலியோ மென்பொருளோ படங்களை உரிய நேரத்தில் தரவில்லை என்று பொருள். எழுத்துகளுக்குப் பின் நிழல் போல மங்கல் நீண்டால், திரைப் புள்ளிகள் மெதுவாக நிறம் மாறுகின்றன. படம் ஓரிடத்தில் வெட்டியது போலப் பிரிந்தால், ஒரு படம் முடியும் முன்பே அடுத்தது புகுந்துவிட்டது. இவற்றுள் முதலாவதும் மூன்றாவதும் மென்பொருள் புதுப்பிப்பால் சரியாக வாய்ப்புண்டு. ஜெல்லி ஸ்க்ரோலிங் திரையின் அமைப்பிலேயே இருப்பதால் அமைப்புகளை மாற்றி அதை முற்றிலும் நீக்க இயலாது.

படிப்போருக்கு

சாய்வு திரையின் முழு அகலத்திலும் பரவுவதால், குறுகிய வரிகளில் குறைவாகவே தெரியும். வடலூர் வள்ளலாரின் அருட்பெருஞ்ஜோதி அகவல் 1596 அடிகள் கொண்ட நீண்ட பாடல். ஆனால் அதன் அடிகள் குறுகியவை. திரையின் நடுவே அமைத்துப் படித்தால் சாய்வு எளிதில் உறுத்தாது. இரு பத்திகளாக அச்சிட்ட பாடநூல், நாளிதழ்ப் பக்கம், மதிப்பெண் அட்டவணை ஆகியவற்றில் அது கூடுதலாகத் தெரியும். கருவியைத் திருப்பிப் படிப்பது, மெதுவாக நகர்த்துவது, பக்கம் பக்கமாகப் புரட்டும் செயலியைப் பயன்படுத்துவது ஆகியவை உதவும். பலர் சில நாள்களில் இதைக் கவனிப்பதையே விட்டுவிடுகின்றனர். சிலருக்குத் தொடர்ந்து உறுத்தும்.

வாங்குவோர் செய்ய வேண்டியவை

இக்குறை ஒரு மாதிரியின் வடிவமைப்பிலிருந்து வந்தால், அதே மாதிரியில் வேறொன்றை மாற்றி வாங்குவதால் பெரும்பாலும் பயன் இராது. எனவே மேற்கண்ட சோதனையைப் பெட்டி திறந்த நாளிலேயே செய்து, பிடிக்காவிட்டால் கடையின் திருப்பித் தரும் காலத்திற்குள் முடிவெடுப்பது நல்லது. கடையில் வாங்குவோர் பணம் கட்டும் முன்பே காட்சிக்கு வைத்த கருவியில் சோதித்துக்கொள்ளலாம்.

கடையுடன் தகராறு எழுந்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வாங்கியவர் தாம் வசிக்கும் மாவட்டத்திலேயே முறையிடலாம். இணையத்தில் வாங்கிய வடலூர்வாசி, விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும், கடலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை. முறையிடக் காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் மனு அளிக்க வேண்டும். ரசீதையும், சாய்வு தெரியும்படி மற்றொரு செல்பேசியின் ஸ்லோ மோஷனில் எடுத்த காணொளியையும் பாதுகாத்து வைக்க வேண்டும். ஸ்கிரீன்ஷாட் இதற்குச் சான்றாகாது.