கோடி லிட்டரில் ஒரு கிராம்

உணவு இறங்கியதும் இரைப்பையின் கீழ்ப்பகுதியில் உள்ள 'ஜி' செல்கள் காஸ்ட்ரின் என்ற ஹார்மோனைச் சுரக்கின்றன. அமிலம் சுரக்கும் செல்கள் அதே இரைப்பையில் சற்று மேலேதான் இருக்கின்றன. ஆனாலும் காஸ்ட்ரின் நேர்வழியில் அங்கே போவதில்லை. ரத்தத்தில் கலந்து, கல்லீரலையும் இதயத்தையும் கடந்து, ஒரு சுற்று முடித்து இரைப்பைக்கே திரும்பி வந்துதான் அமிலத்தைச் சுரக்க வைக்கிறது. போதிய அமிலம் சேர்ந்ததும் அந்த அமிலமே 'ஜி' செல்களை அடக்கிவிடுகிறது.

இப்படி ஒரு பொருள் இருக்கிறது என்று 1905இல் லண்டனில் ஜான் எட்கின்ஸ் சொன்னார். பல ஆண்டுகள் அதைப் பலர் ஏற்கவில்லை. 1964இல் லிவர்பூலில் ராடெரிக் கிரிகரியும் ஹில்டா டிரேசியும் பன்றி இரைப்பையிலிருந்து அதைத் தூய்மையாகப் பிரித்தெடுத்தார்கள். 17 அமினோ அமிலங்கள் கோத்த சின்னஞ்சிறு சங்கிலி அது.

அதை ரத்தத்தில் அளப்பது எளிதல்ல. வெறும் வயிற்றில் ஒரு மில்லிலிட்டர் ரத்த நீரில் இருப்பது பொதுவாக 100 பிக்கோகிராமுக்கும் குறைவு. ஆயிரம் தண்ணீர் லாரிகளில் ஒரு கிராம் உப்பைக் கரைத்தால் எவ்வளவு நீர்த்துப்போகுமோ, அவ்வளவு! இத்தகைய நுண்ணளவைப் பிடிக்கும் வழியை ரோசலின் யாலோவும் சாலமன் பெர்சனும் இன்சுலினுக்காகக் கண்டுபிடித்தார்கள். கதிரியக்க அடையாளமிட்ட ஹார்மோனையும் நோயாளியின் ரத்தத்தையும் ஒரே எதிர்ப்பொருளுக்குப் போட்டியிட வைத்தார்கள். நோயாளியின் ஹார்மோன் கூடக்கூட, அடையாளமிட்டது ஒட்டுவது குறையும். அந்தக் குறைவே அளவுகோல். இதற்காக யாலோ 1977இல் நோபல் பரிசு பெற்றார். பெர்சன் அதற்கு முன்பே, 1972இல், காலமாகியிருந்தார்.

காஸ்ட்ரினை அளப்பது எதற்கு? 1955இல் அமெரிக்காவின் ஒஹாயோவில் ராபர்ட் சோலிங்கர், எட்வின் எலிசன் என்ற இரு மருத்துவர்கள், குடல் புண் மீண்டும் மீண்டும் வந்த இரு நோயாளிகளின் கணையத்தில் கட்டிகள் இருப்பதைக் கண்டார்கள். அத்தகைய கட்டிகள் ஓயாமல் காஸ்ட்ரினைக் கொட்டுகின்றன என்பது பின்னர் தெரிந்தது. ஒரு மில்லிலிட்டர் ரத்த நீரில் 1000 பிக்கோகிராமைத் தாண்டிய காஸ்ட்ரினும், இரைப்பையில் கடும் அமிலமும் சேர்ந்திருந்தால் அத்தகைய கட்டி இருப்பது ஏறத்தாழ உறுதி.

ஆனால் எண் மட்டும் போதாது. இரைப்பைச் சவ்வு நலிந்து அமிலமே சுரக்காதவர்களுக்கும் காஸ்ட்ரின் எகிறும். 'ஜி' செல்களை அடக்க அங்கே அமிலம் இல்லையே! ஒமிப்ரசோல், பான்டோபிரசோல் போன்ற அமிலம் குறைக்கும் மாத்திரைகளும் இதே விளைவைத் தரும். அமிலம் மிகுந்தவருக்கும் அமிலமே அற்றவருக்கும் ஒரே எண் வரலாம். ஐயம் நீடித்தால் செக்ரிட்டின் என்ற வேறொரு ஹார்மோனை ஊசியாகச் செலுத்துவார்கள். இயல்பான செல்கள் அதற்கு அடங்கும்; கட்டியோ சில நிமிடங்களில் காஸ்ட்ரினைக் கூட்டிக் காட்டும்.

ஆகவே இந்தப் பரிசோதனைக்கு இரவு முழுதும் சாப்பிடாமல் போங்கள். அமிலம் குறைக்கும் எந்த மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்பதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். அதை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்: கட்டி உள்ளவர் திடீரென நிறுத்தினால் புண் வெடித்து உயிருக்கே ஆபத்தாகலாம். எப்போது, எப்படி நிறுத்துவது என்பதை மருத்துவரே முடிவு செய்யட்டும்.