சரக்கைப் பற்றிக் கேட்காத பார்ட்டி

போனில் பேசுகிறவர் தன்னை ராணுவத்தில் சுபேதார் என்றோ மேஜர் என்றோ சொல்லிக்கொள்வார். பெரும்பாலும் இந்தி, நடுநடுவே கொஞ்சம் ஆங்கிலம். பரங்கிமலை பயிற்சி மையத்துக்கோ வெலிங்டன் முகாமுக்கோ சூலூர் விமானப்படைத் தளத்துக்கோ நாளை மறுநாள் மதியம் 150 பேருக்குச் சாப்பாடு வேண்டும் என்பார். தலைக்கு எவ்வளவு என்று கேட்டு, சொன்ன ரேட்டுக்கு உடனே சரி என்பார். முழுப் பணத்தையும் இப்போதே அனுப்பிவிடுவதாகச் சொல்வார். யாரும் கேட்காமலேயே வாட்ஸ்அப்பில் சீருடைப் படமும் அடையாள அட்டையும் கேன்டீன் கார்டும் வந்து விழும். அதற்குப் பிறகுதான் கதை தொடங்கும். ராணுவக் கணக்கில் பணம் அனுப்பும் முறையே வேறு, ஒரு க்யூஆர் கோடு அனுப்புகிறேன், அதை ஸ்கேன் செய்தால் உங்களுக்குப் பணம் ஏறிவிடும், முதலில் 5 ரூபாய்க்குச் சோதித்துப் பார்க்கலாம் என்பார். அந்த 5 ரூபாய் போய் 10 ரூபாயாகத் திரும்பி வரும். அடுத்த கோடில் இருப்பது 25,000 ரூபாய். அது திரும்பி வராது.

ராணுவத்துக்குப் பதில் துணை ராணுவப் படை, சாப்பாட்டுக்குப் பதில் சிமென்ட் மூட்டை, தண்ணீர் கேன், பந்தல், ஏசி சர்வீஸ், நோட்டுப் புத்தகம் என்று வேஷம் மாறுமே தவிர எலும்புக்கூடு மாறுவதில்லை. இதில் ஏமாந்தவர்களைப் பேராசைக்காரர்கள் என்று ஒதுக்கிவிடுவது சுலபம். அது பெரிய அநியாயமும்கூட. பெரிய ஆர்டர் வந்தால் சந்தோஷப்படுவது வியாபாரியின் தொழில். அறிமுகமில்லாதவர் கூப்பிட வேண்டும் என்பதற்காகத்தானே போர்டில் போன் நம்பரை எழுதி வைத்திருக்கிறார்? அவருக்கு நாம் வழக்கமாகச் சொல்லும் புத்திமதிகளும் பயன்படுவதில்லை. புது நம்பரை நம்பாதே என்கிறோம். புது வாடிக்கையாளர் எல்லோரும் புது நம்பரில்தான் வருவார்கள். அவசரப்படுத்தினால் சந்தேகப்படு என்கிறோம். குழாய் வெடித்துத் தண்ணீர் கொட்டும் வீட்டுக்காரர் பிளம்பரை அவசரப்படுத்தாமல் என்ன செய்வார்? எழுத்துப் பிழையைப் பார் என்கிறோம். பிழையில்லாத தமிழில் செய்தி எழுதித்தர இப்போது செயலிகள் இருக்கின்றன. மோசடியை வெளித்தோற்றத்தில் தேடும் வரை இப்படித்தான் தோற்றுக்கொண்டிருப்போம். தேட வேண்டிய இடம் பேச்சின் உள்ளே இருக்கிறது. உண்மையான வாடிக்கையாளரின் அக்கறை சரக்கின் மேல் இருக்கும். மோசடிக்காரரின் அக்கறை பணம் போகும் வழியின் மேல் இருக்கும். ஒரு என்கொயரியைத் தரம்பிரிக்க இந்த வித்தியாசம்தான் முக்கியம் என்பது என் வாதம்.

150 பேருக்குச் சாப்பாடு சொல்கிற உண்மையான ஆள் என்னென்ன கேட்பார் என்று எந்தச் சமையல் மாஸ்டரையும் கேட்டுப்பாருங்கள். பிரியாணி சீரகச் சம்பாவிலா பாஸ்மதியிலா, மட்டன் கிலோவுக்கு எத்தனை பீஸ், சைவம் சாப்பிடுகிறவர்கள் 20 பேர் இருக்கிறார்கள், அவர்களுக்குத் தனிப் பாத்திரமா, பரிமாற ஆள் வருமா, இலை நீங்கள் கொண்டுவருவீர்களா, மிஞ்சினால் என்ன செய்வது, போன வாரம் ஒரு கல்யாணத்தில் கத்திரிக்காய் கொத்சு தண்ணீராக இருந்தது, அப்படிச் செய்துவிடாதீர்கள். கடைசியில் தலைக்கு 10 ரூபாய் குறைக்கச் சொல்லி அரைமணி நேரம் பேரம். சாப்பாடு நிஜமாகவே 150 பேர் வயிற்றுக்குப் போகப்போகிறது, குறை வந்தால் தன் மானம் போகும் என்பதால் வருகிற கவலை இது. மோசடிக்காரரின் உலகத்தில் அந்த 150 பேரே கிடையாது. அதனால் அவருக்கு அரிசி எந்த அரிசியாக இருந்தாலும் ஒன்றுதான். ஒரே பேச்சை வைத்துக்கொண்டு காலையில் எலெக்ட்ரீஷியனையும் மதியம் பூக்கடைக்காரரையும் கூப்பிடுகிறவருக்கு எந்தத் தொழிலின் நுணுக்கமும் தெரிந்திருக்காது. வயரிங் வேலைக்குக் கூப்பிடுகிறார். சிங்கிள் ஃபேஸா த்ரீ ஃபேஸா என்று கேட்டால் எல்லாம் உங்கள் இஷ்டம் என்கிறார். ஜன்னல் கிரில் வேண்டும் என்கிறார்; அளவு எடுக்க எப்போது வரலாம் என்றால் பேச்சு மாறுகிறது. தன் தொழிலைப் பற்றி வியாபாரிக்குத் தெரிந்ததுதான் இங்கே அவர் கையில் இருக்கும் பரிசோதனைக் கருவி. வாடிக்கையாளர் கேட்க வேண்டிய கேள்விகளை அவர் கேட்காவிட்டால் நாமே கேட்க வேண்டும். இரண்டு மூன்று கேள்விகள் போதும்.

பேரம் பேசாமல், விவரம் கேட்காமல் ஆர்டர் கொடுக்கிற நல்ல வாடிக்கையாளர்களும் இருக்கிறார்களே என்றால், இருக்கிறார்கள். வெளிநாட்டிலிருந்து பெற்றோருக்காக ஆர்டர் கொடுக்கும் பிள்ளைகள், நேரமில்லாத அலுவலக மேலாளர்கள் என்று பலர். அதோடு, மோசடிக்காரர்களும் கற்றுக்கொள்கிறவர்கள்தான். நாளைக்கே சீரகச் சம்பா பற்றிப் பேச ஆரம்பிக்கலாம், 5 ரூபாய் குறைக்கச் சொல்லிப் பேரமும் பேசலாம். எனவே முதல் சோதனையை மட்டும் நம்பித் தீர்ப்புச் சொல்லக் கூடாது. அது நம்மை விழித்துக்கொள்ள வைக்கும், அவ்வளவுதான். தீர்ப்பைப் பணம் போகும் திசைதான் சொல்லும். எவ்வளவு நன்றாகப் பேசினாலும், எத்தனை அட்டை காட்டினாலும், மோசடிக்காரர் ஏதோ ஒரு கட்டத்தில் விற்பவர் கையிலிருந்து பணத்தை வெளியே எடுத்தாக வேண்டும். அந்த ஒரு காரியத்தை மட்டும் அவரால் மறைக்க முடியாது.

இதில் யூபிஐ எப்படி வேலை செய்கிறது என்பதைச் சரியாகப் புரிந்துகொள்வது அவசியம். 2016இல் தொடங்கிய இந்த முறையில், பணம் வருவதற்கு வாங்குகிறவர் எதையும் ஸ்கேன் செய்ய வேண்டியதில்லை, பின் நம்பரும் போட வேண்டியதில்லை. க்யூஆர் கோடுக்குள் இருப்பது யாருக்குப் பணம் போக வேண்டும் என்கிற முகவரி. சில கோடுகளில் தொகையும் ஒரு குறிப்பும் சேர்ந்திருக்கும். அந்தக் குறிப்பில் யார் வேண்டுமானாலும் என்ன வேண்டுமானாலும் எழுதிவைக்கலாம். 'பணம் பெற' என்று எழுதிவைத்தால் திரையில் அப்படித்தான் தெரியும், ஆனால் பணம் உங்கள் கணக்கிலிருந்து போகும். கடைக் கல்லாவில் ஒட்டியிருக்கும் கோடை வாடிக்கையாளர்தான் ஸ்கேன் செய்கிறார், கடைக்காரர் செய்வதில்லை. தினமும் நூறு முறை கண்முன் நடப்பது இதுதான். போனில் ஒருவர் அதைத் தலைகீழாகச் சொன்னதும் நம்பிவிடுவதற்குக் காரணம், அவர் ராணுவம் என்கிற, நமக்குத் தெரியாத ஒரு உலகத்தைச் சாட்சிக்கு அழைப்பதுதான்.

அந்த உலகம் உண்மையில் எப்படிப் பணம் கொடுக்கிறது என்று தெரிந்தால் வேஷம் அங்கேயே கலைந்துவிடும். பொருள் வந்து சேர்ந்த பிறகு, வேலை முடிந்த பிறகுதான் சாதாரணமாகப் பணம் தர வேண்டும் என்று மத்திய அரசின் 2017ஆம் ஆண்டுப் பொது நிதி விதிகளில் 172ஆவது விதி சொல்கிறது. அரசாங்கத்துக்குச் சரக்கு கொடுத்துவிட்டு பில்லுக்காக மாதக்கணக்கில் நடையாய் நடக்கிறவர்களுக்கு இந்த விதியைப் படித்துக்காட்ட வேண்டியதில்லை. சனிக்கிழமை ராத்திரி முன்பின் தெரியாத கடைக்காரருக்கு முழுப் பணத்தையும் முன்கூட்டியே தருகிறேன் என்கிற ராணுவம் எங்கேயும் இல்லை. டெண்டருக்கு முன்வைப்புத் தொகை கட்டச் சொல்கிறார்களே, அது விற்பவர் கையிலிருந்து போகிற பணம்தானே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் அந்தத் தொகை பகிரங்கமாக வெளியான டெண்டர் ஆவணத்தில் இருக்கும், நிறுவனத்தின் பெயரில் உள்ள கணக்குக்குப் போகும், அதற்கு ரசீது உண்டு. குறு, சிறு நிறுவனங்களுக்கு அதிலிருந்தே விலக்கு உண்டு என்று அதே விதிகளின் 170ஆவது விதி சொல்கிறது. பெரிய கம்பெனியின் சப்ளையராகப் பதிவுசெய்ய இத்தனை ஆயிரம் கட்டுங்கள், பிறகு திருப்பித் தருகிறோம் என்று தனி நபரின் யூபிஐ முகவரியைக் கொடுத்தால் இந்த மூன்றில் ஒன்றும் இருக்காது.

இன்னொரு வகை மோசடியில் பணம் முதலில் நம் பக்கம் வந்ததுபோலத் தோன்றும். 5,000 ரூபாய் அட்வான்ஸ் அனுப்ப நினைத்து 50,000 அனுப்பிவிட்டேன், ஆஸ்பத்திரிக்கு அவசரம், மீதி 45,000 ரூபாயைத் திருப்பி அனுப்புங்கள் என்று பதற்றத்தோடு ஒரு அழைப்பு வரும். கூடவே வங்கி அனுப்பியதுபோல ஒரு குறுஞ்செய்தி. உற்றுப் பார்த்தால் அது பத்து இலக்கக் கைபேசி எண்ணிலிருந்து வந்திருக்கும்; வங்கிச் செய்தி அதன் பதிவுபெற்ற பெயரிலிருந்துதான் வரும். ஸ்கிரீன்ஷாட்டைப் பணம் வந்ததற்கு ஆதாரமாக எடுத்துக்கொள்ளவே கூடாது. வங்கிச் செயலியைத் திறந்து இருப்பைப் பார்த்தால் ஒரு நிமிடத்தில் உண்மை தெரிந்துவிடும். இதைவிட ஆபத்தானது, இருப்பில் பணம் நிஜமாகவே ஏறியிருப்பது. அது வேறெங்கோ ஒருவரிடம் திருடிய பணமாக இருக்கலாம். நல்ல மனசோடு அவர் சொன்ன வேறொரு கணக்குக்கு நாம் திருப்பி அனுப்பினால், திருட்டுப் பணம் கைமாறிய சங்கிலியில் நம் கணக்கும் ஒரு கண்ணியாகிவிடும். பணத்தைப் பறிகொடுத்தவர் புகார் கொடுக்கும்போது போலீஸ் அந்தச் சங்கிலி முழுவதையும் முடக்கச் சொல்லும். 2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 106ஆவது பிரிவைத்தான் போலீஸ் இதற்குக் காட்டுகிறது. கணக்கு முடங்கினால் நாளைய சரக்குக்குக் கொடுக்க வேண்டிய பணமும் வேலையாட்களின் வாரச் சம்பளமும் உள்ளே மாட்டிக்கொள்ளும். புகார் பதிவானது வேறு மாநிலமாக இருந்தால் விடுவிக்க அலையும் அலைச்சல் இன்னும் கூடும். ஆகவே, அதிகமாக வந்த பணத்தை நாமாகத் திருப்பக் கூடாது. நம் வங்கிக் கிளையில் எழுத்துப்பூர்வமாகச் சொல்லி, வந்த கணக்குக்கே திரும்பும்படி அவர்கள் வழியாகச் செய்ய வேண்டும். தவறி அனுப்பியவர் உண்மையான மனிதர் என்றால் அவருக்கும் இதுதான் பாதுகாப்பு.

கம்பெனி பெயரில் பெரிய ஆர்டர் வரும்போது ஜிஎஸ்டி எண்ணைக் கேட்பது யாரையும் புண்படுத்தாது. பில் போட அது தேவை. பதினைந்து எழுத்து கொண்ட அந்த எண் நிறைய பேசும். முதல் இரண்டு இலக்கம் மாநிலம், தமிழ்நாடு என்றால் 33. அடுத்த பத்தும் பான் எண். மொத்த எண்ணில் ஆறாவதாக வரும் எழுத்து ஆங்கில 'சி' என்றால் அது கம்பெனி, 'எஃப்' என்றால் கூட்டு நிறுவனம், 'பி' (P) என்றால் தனி நபர். பிரைவேட் லிமிடெட் என்று சொல்லிக்கொண்டு 'பி' உள்ள எண்ணைக் கொடுத்தால் எங்கோ பொய் இருக்கிறது. எண்ணை ஜிஎஸ்டி இணையதளத்தில் போட்டால் பதிவான பெயரும் ஊரும் இலவசமாகத் தெரியும். ஆனால் இன்னொரு நிறுவனத்தின் உண்மையான எண்ணைத் திருடிக் கொடுக்கிறவர்களும் உண்டு. அதனால் அந்த நிறுவனத்தின் எண்ணை நாமே தேடிப்பிடித்துக் கூப்பிட்டு, இப்படி ஒரு ஆர்டர் கொடுத்தீர்களா என்று கேட்டுவிடுவது நல்லது.

இப்படியெல்லாம் குடைந்தால் நல்ல பார்ட்டி அடுத்த கடைக்குப் போய்விடுவாரே என்பதுதான் வியாபாரிகள் சொல்லும் வலுவான மறுப்பு. போட்டி நிறைந்த தெருவில் அந்தப் பயம் வெறும் கற்பனையல்ல. ஆனால் நான் சொல்லும் கேள்விகள் போலீஸ் விசாரணைக் கேள்விகள் இல்லை. எந்த அரிசி, எத்தனை மணிக்கு, அளவெடுக்க எப்போது வரலாம் என்பவை நல்ல தொழிலாளி எப்படியும் கேட்பவை. இவற்றைக் கேட்கும் மாஸ்டரைப் பார்த்தால் உண்மையான வாடிக்கையாளருக்கு நம்பிக்கை கூடும். ஸ்கேன் செய்ய மாட்டேன், இதோ என் கணக்கு எண், இதில் போடுங்கள் என்று சொன்னதற்காகக் கோபித்துக்கொண்டு போகிறவர் வாடிக்கையாளராக இருக்க வாய்ப்பே இல்லை.

அரசாங்கமும் வங்கிகளும்தான் இதைத் தடுக்க வேண்டும், கடைக்காரர் தலையில் கட்டக் கூடாது என்போர் சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. தனி நபர் ஒருவர் இன்னொருவரிடம் பணம் கேட்டு யூபிஐ வழியாகக் கோரிக்கை அனுப்பும் வசதியை 2025 அக்டோபர் 1 முதல் தேசியப் பணப்பட்டுவாடா கழகம் நிறுத்தியது. அந்த வசதியை ஆயுதமாக்கிக்கொண்ட மோசடிகள் அதிகமானதால் எடுத்த முடிவு. இன்னும் முன்பே எடுத்திருக்கலாம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஆனால் க்யூஆர் கோடும் போலிக் குறுஞ்செய்தியும் இன்னும் இருக்கின்றன. பின் நம்பரைத் தன் கையால் போட்டவருக்கு வங்கியிடமிருந்து பணம் திரும்பப் பெறுவதும் சுலபமில்லை. பணம் போய்விட்டால் முதல் சில மணி நேரம்தான் கையில் இருக்கிறது. 1930 என்ற எண்ணுக்கு உடனே சொன்னால், பணம் அடுத்த கணக்குக்குத் தாவும் முன் நிறுத்தி வைக்க வழி உண்டு. அந்த நேரத்தை நம்மவர்கள் வெட்கத்தில் தொலைக்கிறார்கள். வீட்டில் சொல்லத் தயக்கம், சங்கத்தில் சொன்னால் சிரிப்பார்களோ என்று கூச்சம். கேட்டரிங் சங்கத்திலும் எலெக்ட்ரீஷியன் சங்கத்திலும் வாட்ஸ்அப் குழு இல்லாத ஊர் குறைவு. அழைப்பு வந்த எண், சொன்ன முகாம், அனுப்பிய அட்டைப் படம் ஆகியவற்றை அன்றைக்கே அதில் போட்டுவிட வேண்டும். இணைய விளம்பரப் பட்டியலில் வரிசையாக நம்பர் பார்த்துக் கூப்பிடுகிறவரின் அடுத்த போன் அதே ஊரில் அதே தொழில் செய்கிற இன்னொருவருக்குத்தான் போகும்.