கேட் தேர்வில் 85: மார்க் இல்லை, வரிசை எண்

"85 தான்ணே வந்திருக்கு, அவ்ளோதானா?" கேட் தேர்வு முடிவு வந்ததும் ராயபுரம், திருவொற்றியூர் பக்கத்துப் பிள்ளைகள் என்னிடம் கேட்கும் கேள்வி இது. பள்ளிக்கூடத்தில் 85 வாங்கினால் வீட்டில் கொண்டாட்டம். இங்கே ஏன் முகம் வாடுகிறது?

85 பர்சன்டைல் என்பது நூற்றுக்கு 85 மார்க் இல்லை. எழுதியவர்களில் 85 சதவீதம் பேர் உங்களுக்குப் பின்னால் நிற்கிறார்கள், அவ்வளவுதான். 2024-ல் சுமார் 2.93 லட்சம் பேர் எழுதினார்கள். அதாவது 85 வாங்கியவருக்கு முன்னால் சுமார் 44,000 பேர். 99 வாங்கியவருக்கு முன்னால் சுமார் 2,900 பேர்தான்.

மறுபடி எழுதலாமா என்று முடிவெடுக்கும் முன் பிரிவுவாரி எண்களைப் பாருங்கள். ஆங்கில வாசிப்பு, தரவு-தர்க்கம், கணக்கு என மூன்று பிரிவுகள். ஒவ்வொன்றுக்கும் 40 நிமிடம். ஐஐஎம்கள் மொத்தத்தோடு ஒவ்வொரு பிரிவுக்கும் தனி கட்-ஆஃப் வைக்கின்றன. ஒரு பிரிவு மட்டும் காலை வாரியிருந்தால், ஓராண்டு உழைத்து அதைத் தூக்கிவிட முடியும். மூன்றும் ஒரே மட்டத்தில் நின்றால், வேலையை விட்டுவிட்டு எழுதுவது பெரிய பந்தயம். வேலையில் இருந்தபடியே எழுதுங்கள். அனுபவத்துக்கும் பல கல்லூரிகள் மதிப்பெண் தருகின்றன.

வேறு கதவுகளும் உண்டு. ஜனவரியில் எக்ஸாட் தேர்வு. ஆனால் அதற்கான விண்ணப்பம் பெரும்பாலும் கேட் முடிவு வருவதற்கு முன்பே முடிந்துவிடும். அதனால் முன்கூட்டியே போட்டு வையுங்கள். தமிழ்நாட்டுக் கல்லூரிகளுக்கு அண்ணா பல்கலைக்கழகம் நடத்தும் டான்செட் இருக்கிறது. கேட் முடிவைப் பார்த்த பிறகும் அதற்கு விண்ணப்பிக்க நேரம் இருக்கும். நம் பகுதிக்குப் பொருத்தமானது இன்னொன்று: 2008-ல் தொடங்கிய இந்தியக் கடல்சார் பல்கலைக்கழகம், துறைமுகம்-கப்பல் மேலாண்மையில் எம்பிஏ நடத்துகிறது. தலைமையகம் நம்ம சென்னையில்தான்.

எந்தக் கல்லூரி கூப்பிட்டாலும் கடன் வாங்கும் முன் ஒரு கணக்குப் போடுங்கள். ஐந்து பேருக்கு வேலை கிடைத்தது; சம்பளம் ஆண்டுக்கு 4, 4, 5, 5, 32 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். சராசரி 10 லட்சம். நடுவில் நிற்பவருக்குக் கிடைப்பதோ 5 லட்சம். விளம்பரப் பலகையில் 10 தான் இருக்கும். நீங்கள் கேட்க வேண்டியது அந்த 5-ஐ, அதாவது மீடியன் சம்பளத்தை. அதைச் சொல்லத் தயங்கும் இடத்தில் அப்பாவின் பிஎஃப் பணத்தைக் கட்டாதீர்கள்.

நேர்காணலுக்கு அழைப்பு வந்துவிட்டால், பர்சன்டைலைத் தாண்டி நீங்கள் பேசுவதும் எடைபோடப்படும். எண்ணூர் விரைவுச் சாலையில் துறைமுகத்துக்குள் நுழையக் காத்து நிற்கும் கன்டெய்னர் லாரிகளை தினமும் பார்க்கிறீர்கள். அந்த வரிசை ஏன் நகரவில்லை, தாமதத்தின் செலவு யார் தலையில் விழுகிறது என்று யோசித்து வையுங்கள். செயல்பாட்டு மேலாண்மையில் அது ஒரு முழுப் பாடம். கிளியரிங் ஆபீஸிலோ யார்டிலோ இரண்டு வருஷம் வேலை பார்த்தவருக்கு, அதைப் புத்தகம் இல்லாமலே விளக்கத் தெரியும்.