மரச் சுக்கானைச் செப்பனிட்டுக் கண்ணாடி நார்ப் போர்வை இடுதல்

நீரும் காற்றும் மாறிமாறிப் படும் இடத்திலேயே மரம் விரைவில் அழிகின்றது. வாய்க்கால் மதகுப் பலகை அடிப்பாகத்தைவிட நீர்மட்டக் கோட்டில் முதலில் உளுத்துப்போவதைக் கமக்காரர் யாவரும் கண்டிருப்பர். படகின் சுக்கானுக்கும் இக்கதியே நேருகின்றது.

நோர்வூட்டைக் கடந்து செல்லும் கெசல்கமு ஓயாவை மறித்து 1965இல் காசல்ரீ நீர்த்தேக்கமும், அண்டையிலுள்ள மஸ்கெலி ஓயாவை மறித்து 1969இல் மவுசாக்கலை நீர்த்தேக்கமும் அமைக்கப்பட்டன. மின்சாரத்துக்கென ஆக்கப்பட்ட இந்நீர்ப்பரப்புகளில் நன்னீர் மீன்பிடியும் நடைபெறுகின்றது. மரக்கறிச் செய்கையுடன் படகும் வைத்திருப்போர் சுக்கானின் நிலையைக் கவனித்தல் இன்றியமையாதது. மலையிடுக்கிலிருந்து திடீரெனக் காற்று வீசும்போது சுக்கான் முறியுமாயின், படகு அலைக்குப் பக்கங்காட்டித் திரும்பும். பாரமேற்றிய படகு கவிழ்வதற்கு அதுவே போதும்.

போர்வை செய்வதும் செய்யாததும்

எப்பொக்சிப் பிசினில் தோய்த்த கண்ணாடி நார்த்துணியை மரத்தின்மேல் ஒட்டினால், நீர் புகாத உறுதியான தோல் ஒன்று உண்டாகின்றது. ஆயினும், இப்போர்வை அழுகலைக் குணப்படுத்தும் மருந்தன்று. மரத்தை அழுகச்செய்யும் பூஞ்சணம் வளர்வதற்கு ஈரம் வேண்டும். மரத்தின் ஈரம் 20 சதவீதத்துக்குக் குறைந்திருப்பின் அது வளராது. ஈரமரத்தைப் போர்த்துவிட்டாலோ, ஈரம் வெளியேற வழியின்றி உள்ளேயே தங்கும். வெளியே பளபளப்பும் உள்ளே உளுத்த தூளுமாகச் சில காலத்தில் சுக்கான் கைவிட்டுவிடும். ஆகையால், இவ்வேலையில் முதன்மையானது ஒட்டுதலன்று, உலர்த்துதலேயாகும்.

ஏற்ற காலம்

மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை பெய்யும் இப்பகுதியில், சனவரி முதல் மார்ச்சு வரையுள்ள வறண்ட காலமே தக்கது. சனவரியில் சுக்கானைக் கழற்றி உலர்த்தத் தொடங்கினால், மார்ச்சில் போர்வையிட்டு மழைக்கு முன் பூட்டிவிடலாம்.

சோதித்தலும் உலர்த்தலும்

இரும்புக் கொளுவிகளையும் ஆணிகளையும் கழற்றிப் பழைய வர்ணத்தை முழுவதும் சுரண்டுக. கூரிய ஊசியால் குத்திப் பார்க்க. நல்ல மரம் எதிர்க்கும், அழுகிய மரம் இடங்கொடுக்கும். நீர்மட்டக் கோடு, ஆணித்துளைகளின் ஓரம், அடிமுனை ஆகியவற்றை விசேடமாகப் பார்த்தல் வேண்டும். பாதிக்கு மேல் பழுதாயின் புதிய சுக்கான் செய்வதே சிக்கனம்.

பின்னர் கூரைக்குக் கீழ் காற்றோட்டமான இடத்தில் கட்டைகளின்மேல் வைத்து உலர்த்துக. கடும் வெயிலிலும் அடுப்பின்மேலும் வைத்தால் மரம் வெடிக்கும். விதைநெல்லை ஏறத்தாழ 13 சதவீத ஈரத்துக்கு உலர்த்துகின்றோம். மரமும் 15 சதவீதத்தை அண்டி வருதல் நன்று. கருவி இல்லாதோர் வாரம் ஒருமுறை தராசில் நிறுத்துக் குறித்துக்கொள்க. அடுத்தடுத்து இரு வாரங்கள் நிறை குறையாது நின்றால், மரம் அவ்விடத்தில் உலரக்கூடிய அளவுக்கு உலர்ந்துவிட்டதென அறியலாம்.

பழுதை நீக்குதல்

அழுகிய பாகத்தை நல்ல மரம் தோன்றும் வரை வெட்டியெடுத்து, அதே இன உலர்ந்த மரத்துண்டை நார்வரி ஒரே திசையில் செல்லுமாறு பொருத்துக. இணைப்பைச் சரிவாகச் செதுக்குக. ஓர் அங்குலத் தடிப்புக்கு எட்டு அங்குலச் சரிவு அளவாகும். நுண்ணிய மரத்தூள் கலந்து தடிப்பாக்கிய எப்பொக்சியால் ஒட்டுக. பசை முழுவதும் பிதுங்கி வெளியேறும்படி இறுக்குதல் கூடாது.

ஆணித்துளைகளைப் பெரிதாக்கித் தடித்த எப்பொக்சியால் நிரப்பி, இறுகியபின் நடுவே மீண்டும் துளையிடுக. இதனால் ஆணியின் ஓரமாகப் புகும் நீர் மரத்தைத் தீண்டாது. இதைச் செய்யாது போர்த்திய சுக்கான், வாய்மூடாத நெற்குதிரை ஒக்கும்.

பிசினும் துணியும்

கடைகளில் படகு வேலைக்கென இருவகைப் பிசின்கள் உள. விலை குறைந்த பொலியெஸ்டர்ப் பிசின் மரத்தை நன்கு பற்றாது, நாளடைவில் உரிந்துவிடும். எப்பொக்சியே வேண்டும் எனக் கேட்டு வாங்குக. துணியும் நெய்த துணியாக, சதுர மீற்றருக்கு ஏறத்தாழ 200 கிராம் நிறையுள்ளதாக இருத்தல் நன்று. துண்டு நார்களை ஒட்டிச் செய்த பாய், பொலியெஸ்டருக்கே பெரும்பாலும் உரியது.

பிசினையும் 'ஹார்டனர்' எனப்படும் இறுக்கியையும் உற்பத்தியாளர் குறித்த விகிதத்தில் சரியாக அளந்து கலக்குக. விரைவில் இறுக வேண்டுமென்று இறுக்கியைக் கூட்டினால் பிசின் வலுவிழக்கும். சிறிது சிறிதாகக் கலந்து அகன்ற தட்டில் ஊற்றுக. ஆழமான பாத்திரத்தில் அது தானே சூடேறிப் புகைந்து வீணாகும்.

போர்வை இடுதல்

1. துணி கூரிய விளிம்பில் மடியாது. ஆகவே விளிம்புகளைக் கால் அங்குல ஆரமுள்ளதாக உருட்டி, அரத்தாளால் தேய்த்துத் தூசு போக்குக.

2. மரம் சூடேறும்போது அதனுட் காற்று விரிந்து பிசினில் குமிழி எழும். மரத்தை முதலில் இளஞ்சூடாக்கி, ஆறத் தொடங்கும் பிற்பகலில் பூசுக.

3. முதற்பூச்சின்மேல் துணியை விரித்துப் பிசினை ஊட்டுக. தோய்ந்த துணி கண்ணாடிபோல் தெளியும். வெண்மையான இடம் பிசின் போதாமையைக் காட்டும். இருபக்கத் துணிகளும் விளிம்பில் இரண்டு அங்குலம் ஒன்றன்மேலொன்று படிய வேண்டும். முன்விளிம்பிலும் அடிமுனையிலும் இரு மடிப்பு இடுக.

4. ஒட்டும் பதம் மாறுமுன் அடுத்த பூச்சுகளை இட்டு, துணியின் நெசவு மறையச் செய்க. இறுகிவிட்டால் நீரால் கழுவி, உலர்த்தி, தேய்த்தபின்னரே மேற்பூச்சு இடலாம்.

5. நோர்வூட்டின் இரவுக் குளிரில் எப்பொக்சி மெல்லவே இறுகும். பிசின் கெட்டியானபின் தார்ப்பாய்க் கூடாரத்துள் மின்குமிழ் எரித்து வெப்பங்கொடுக்கலாம். மண்ணெண்ணெய் அடுப்பு தீயபாயத்தையும் ஈரத்தையும் தரும், அதனைத் தவிர்க்க.

6. சூரிய ஒளி எப்பொக்சியைச் சிதைக்கும். நன்கு இறுகியபின் வெளிவர்ணம் இருமுறை பூசுக.

எச்சரிக்கை

எப்பொக்சி தோலிற் பட்டால் சிலருக்குத் தீராத ஒவ்வாமை உண்டாகும். புதிய கையுறை அணிக. மருந்தடிக்கும் கையுறையை இதற்குப் பயன்படுத்தற்க. கையிற் பட்டதைத் தின்னரால் கழுவாது சவர்க்காரத்தால் கழுவுக. தேய்க்கும்போது மூக்கையும் வாயையும் தூசு தடுக்கும் முகமூடியால் மூடுக. எஞ்சிய பிசினை ஓடையில் ஊற்றலாகாது.

பராமரிப்பு

ஆண்டுக்கொருமுறை சுக்கானைத் தட்டிப் பார்க்க. மந்தமான ஓசை எழும் இடத்தில் போர்வை விட்டுப்போயிருக்கும். கல்லில் உரசிய கீறலை உலர்த்தி உடனே அடைக்க. சுக்கான் செவ்வையாயினும், உதவித் துடுப்பும் உயிர்காப்பு அங்கியும் இன்றிப் படகேறலாகாது.

இம்முறை வயல் மதகுப் பலகைகளுக்கும் ஏற்றதாகும். பொருட்செலவு சிறிது மிகுதியாயினும், உலர்த்தலில் அவசரப்படாது செய்யும் வேலை பல ஆண்டுப் பயன் தரும். மரத்தை உலர்த்தியபின் போர்த்துக. போர்த்தபின் உலர்த்த வழியில்லை.